பிஸ்பீக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையிலிருந்து பத்து மைல் சொச்சத்தில் இருக்கும் பழைய செம்புச் சுரங்க ஊர் பிஸ்பீ. மூன்று நாள் லீவு வருகிறது, கிராண்ட் கேன்யனும் செடோனாவும் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த ஊரைத்தான் சொல்வது. சொன்னவுடன் வரிசையாகக் கேள்விகள் வரும். அவற்றுக்கான பதில்கள் இவை.

ஆள் இல்லாத ஊரா? கைவிடப்பட்ட நகரம் என்று யாரோ சொன்னார்களே?

இல்லை. சுமார் ஐயாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். கோச்சீஸ் மாவட்டத்தின் தலைநகரும் இதுதான். 1929-இல் பக்கத்து ஊரான டூம்ஸ்டோனிடமிருந்து அந்தப் பதவி இங்கே வந்தது. மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, காலையில் நாயோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுரங்கம் மட்டும்தான் மூடியது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கௌபாய் வேஷம் போட்டு மணிக்கொரு தடவை துப்பாக்கிச் சண்டை நடத்திக் காட்டும் ஊரை எதிர்பார்த்துப் போனால் பிஸ்பீ ஏமாற்றும். அது வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னாலேயே டூம்ஸ்டோனில் இறங்கிவிடலாம். பிஸ்பீயில் பார்க்க வேண்டியது, ஒரு கம்பெனி தொண்ணூறு ஆண்டுக்கு மேல் மலையைக் குடைந்து எடுத்துவிட்டுப் போன பிறகு மிச்சமாக நிற்கும் ஊரும், அதில் மனிதர்கள் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பதும்.

இந்த ஊர் எப்படி உண்டானது?

1877-இல் அப்பாச்சி பழங்குடியினரைத் தேடி மியூல் மலைத்தொடருக்குள் வந்த ராணுவக் குழு ஒன்று தண்ணீர் தேடிப் போன இடத்தில் தாதுப் படிவத்தைக் கண்டது. குழுவில் இருந்த ஜாக் டன் என்பவரும் கூட்டாளிகளும், பட்டாளத்து வேலையை விட்டு வர முடியாததால், ஜார்ஜ் வாரன் என்பவரிடம் கைச்செலவுக்குக் கொடுத்து, எங்கள் சார்பில் இடத்தைப் பதிவு செய் என்று அனுப்பினார்கள். வாரன் வழியில் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பெயரிலும் தன் பெயரிலும் பதிவு செய்துகொண்டார் என்பது வரலாறு.

அப்படி வந்த சொத்து அவரிடம் நிற்கவில்லை. காப்பர் குவீன் சுரங்கத்தில் அவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு இருந்தது. குதிரையை ஓடி ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சார்ல்ஸ்டன் என்ற ஊரில் பந்தயம் கட்டி அந்தப் பங்கை இழந்தார். குதிரைமேல் ஏறி ஓட்டியல்ல, தன் சொந்தக் காலால் ஓடி. பின்னாளில் பல கோடி டாலர் பெறுமானமான பங்கு அது. 1893-இல் கையில் காசில்லாமல் செத்தார். அரிசோனா மாநில முத்திரையில் மண்வெட்டியோடு நிற்கும் சுரங்கத் தொழிலாளியின் உருவம் இவருடைய புகைப்படத்தை வைத்து வரைந்ததுதான். அரசாங்கக் காகிதம் எதையாவது கையில் வாங்கும்போது கவனித்துப் பாருங்கள்.

ஊருக்குப் பெயர் கொடுத்த டிவிட் பிஸ்பீ, சுரங்கத்துக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். ஊர் உருவானது 1880-இல். கொஞ்ச நாளிலேயே நியூயார்க் வணிக நிறுவனமான ஃபெல்ப்ஸ் டாட்ஜ் உள்ளே வந்தது. அதன் பிறகு ஊரில் கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல், நூலகம் எல்லாவற்றிலும் கம்பெனியின் கை இருந்தது.

எவ்வளவு எடுத்தார்கள்? ஏன் மூடினார்கள்?

செம்பு மட்டும் எண்ணூறு கோடி பவுண்டு. தங்கம் கிட்டத்தட்ட முப்பது லட்சம் அவுன்ஸ். வெள்ளி, ஈயம், துத்தநாகம் தனி.

ஆரம்பத்தில் கிடைத்த தாதுவில் நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு செம்பு இருந்தது. அப்படிப்பட்ட தாதுவை ஒரு ஆள் உளி சுத்தியல் வைத்து வெட்டினாலே லாபம். அது தீரத் தீர ஆழமாகப் போனார்கள். கடைசியில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாத கல்தான் மிச்சம். அதில் லாபம் பார்க்க ஒரே வழி, மலையையே பெயர்த்து லாரியில் அள்ளுவது. லாவெண்டர் பிட் என்ற அந்தப் பெரும் பள்ளம் அப்படி வந்ததுதான். அதுவும் கட்டுப்படியாகாமல் 1974 கடைசியில் பள்ளத்தில் வேலை நின்றது. 1975-இல் நிலத்தடிச் சுரங்கத்தையும் மூடினார்கள்.

வேலை போனவர்கள் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்த வீடுகளை வாங்கிக்கொண்டு ஓவியர்களும் ஹிப்பிகளும் குடியேறினார்கள். சுவரெல்லாம் ஓவியம், உடைந்த பீங்கான் துண்டு பதித்த மதில், சாமான் ஒட்டிய கார் என்று இன்று பார்ப்பதெல்லாம் அவர்கள் வழி வந்தது.

எப்படிப் போவது?

கார்தான். டூசானிலிருந்து 95 மைல், ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸிலிருந்து 200 மைலுக்குக் கொஞ்சம் மேல். ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து பென்சனில் இறங்கி 80-ஆம் எண் சாலையைப் பிடித்தால் டூம்ஸ்டோன் வழியாக நேராகக் கொண்டுவந்து விடும். ஊருக்கு முன்னால் 1958-இல் திறந்த மியூல் கணவாய்க் குகைச்சாலை வரும். கால் மைல்தான். அது வரைக்கும் மஞ்சள் புல்லும் முள்செடியுமாக இருந்த பாலைவனம், வெளியே வந்ததும் ஒடுங்கிய பள்ளத்தாக்காகி, இரண்டு பக்க மலைச்சரிவிலும் வீடுகளாக நிற்கும். வண்டி ஓட்டாதவர் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவருக்கு உடனே இறக்கத்தில் வளைவு இருக்கிறது.

ஊரின் பழைய மையமான ‘பழைய பிஸ்பீ’யின் தெருக்கள் கழுதை வண்டிக்குப் போட்டவை. பெரிய எஸ்யூவியை மலைச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போனால், எதிரே வண்டி வந்துவிட்டால், ஒருவர் ரிவர்ஸில் போகத்தான் வேண்டும். கீழே பொது வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்பது நல்லது.

வழியில் சோதனைச் சாவடி இருக்கிறதாமே?

இருக்கிறது. பிஸ்பீயிலிருந்து வடக்கே திரும்பும்போது டூம்ஸ்டோனைத் தாண்டி எல்லைக் காவல் படையின் சாவடி வரும். வேறு வழியாக, 90-ஆம் எண் சாலையில் திரும்பினாலும் ஒன்று உண்டு. எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பார்கள். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் பிரதியையும், கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையையும் கையோடு வைத்திருக்க வேண்டும். போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன் என்பது போதாது, அசல் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள், அவர்கள் பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பக்கத்தில் நாக்கோ என்ற எல்லை ஊர் இருக்கிறது. சும்மா ஒரு எட்டு மெக்சிகோவுக்குப் போய்விட்டு வரலாமே என்று தோன்றும். உங்கள் விசா நிலையைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளாமல் அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள்.

எப்போது போனால் நல்லது?

அக்டோபர், நவம்பர், அல்லது மார்ச், ஏப்ரல். பாலைவனம் என்றவுடன் எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் பிஸ்பீ கடல் மட்டத்துக்கு 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேகும் நாளில் இங்கே தொண்ணூறுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குளிர்காலத்தில் ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும், எப்போதாவது பனியும் விழும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டிவிட்டு நிற்கும். ஊரே ஒரு ஓடையின் மடியில் இருப்பதால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்கும் உலைக்கும் மலை மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டார்கள்; உருக்காலைப் புகையில் மிச்சமிருந்த பச்சையும் கருகியது; அதற்குப் பிறகு ஒவ்வொரு மழையும் சேற்றோடு கடைகளுக்குள் புகுந்தது. சாக்கடை கலந்த தண்ணீரால் டைபாய்டும் பரவியது. இன்று தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய வெள்ளக் கால்வாய் அந்த அனுபவத்தில் கட்டியதுதான். மழை பிடித்தால் தாழ்வான இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: அரிசோனாவில் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பும் வழக்கம் இல்லை. கோடையில் உங்கள் நேரமும் இங்குள்ள நேரமும் ஒன்று. குளிர்காலத்தில் இங்கே ஒரு மணி நேரம் முன்னால். சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டு இதை மறந்தால் உள்ளே அழைத்துப் போகும் ரயில் போயிருக்கும்.

ஒரு நாள் போதுமா?

பார்ப்பதற்குப் போதும். ஆனால் ஒரு ராத்திரி தங்குங்கள். பகலில் வந்தவர்கள் ஐந்து மணிக்குத் திரும்பிப் போன பிறகுதான் ஊர் தன் இயல்புக்கு வருகிறது.

சுரங்கத்துக்குள் அழைத்துப் போகிறார்களே, அது எப்படி இருக்கும்?

பிஸ்பீக்குப் போய்விட்டு காப்பர் குவீன் சுரங்கத்துக்குள் போகாமல் வருவதில் அர்த்தமில்லை. ஒன்றே கால் மணி நேரம். மஞ்சள் மேலாடை, ஹெல்மெட், தலைவிளக்கு தருகிறார்கள். உட்காரும் வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு வரும்: தண்டவாளத்தின்மேல் நீளமான ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அதில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். கையை முழங்காலை வெளியே நீட்டாதீர்கள் என்று சொல்வது ஒப்புக்குச் சொல்வதில்லை. சுவர் அவ்வளவு நெருக்கத்தில் வரும். அப்படியே 1,500 அடி மலைக்குள் போகிறது.

உள்ளே வருஷம் முழுக்க 47 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 8 டிகிரி செல்சியஸ்தான். ஜூன் மாதத்தில் அரைக்கால் சட்டையோடு போகிறவர்கள் பத்து நிமிடத்தில் வருந்துவார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிகளாக இருந்தவர்கள் பலர் அதே சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மூடி ஐம்பது வருஷமாகிவிட்டதால் அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அப்படி ஒருவர் வாய்த்தால் அதிர்ஷ்டம். நிறையக் கேளுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் வெடி வைக்கும் முகப்பு. பாறைச் சுவரில் துளைகள் ஒரு கணக்கோடு போடப்பட்டிருக்கும். எல்லாத் துளையும் ஒரே சமயத்தில் வெடிக்காது. திரியின் நீளத்தை மாற்றி மாற்றி வெட்டி, முதலில் நடுத் துளைகள் வெடித்து ஒரு பொந்து உண்டாகும். சுற்றியுள்ளவை அந்தப் பொந்தை நோக்கிக் கல்லை உடைத்துத் தள்ளும். கடைசியாக அடித் துளைகள் வெடித்துக் குவியலைத் தூக்கிப் போடும். வெடி வைத்தவர் தூரத்தில் நின்று சத்தத்தை எண்ணுவார். பதினெட்டு வைத்துப் பதினேழு கேட்டால், வெடிக்காத ஒன்று அந்தக் கல் குவியலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வரும் ஷிஃப்ட் ஆளிடம் அதைச் சொல்ல மறந்தால், அவர் துளைக்கருவியை அதன்மேலேயே வைக்கக்கூடும்.

குழந்தைகளுக்குப் பிடிப்பது வேறு: தண்டவாளத்தில் ஓடும் கழிப்பறை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி, இரண்டு மூடி வைத்த இரும்புத் தொட்டி. அதைத் தள்ளிக்கொண்டு போய்க் காலி செய்வதற்கும் ஒரு ஆள் இருந்தார். கோவேறு கழுதைகளைப் பற்றியும் சொல்வார்கள். தாது வண்டிகளை இழுத்த அவை வருஷக்கணக்கில் உள்ளேயே வாழ்ந்தன. பழகிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு வண்டி சேர்த்தால், கொக்கி மாட்டும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு நகர மறுக்குமாம். கழுதைக் கதை எந்த அளவுக்கு உண்மையோ, சொல்கிறவர் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சுற்று தொடங்கியதே ஒரு பிழைப்புக்காகத்தான். சுரங்கம் மூடியதும் ஊர் என்ன ஆகும் என்று பயந்த அன்றைய மேயர் சக் ஈட்ஸ், இதையே காட்சிக்குத் திறக்கலாம் என்றார். ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் உள்ளே இடிந்து கிடந்த கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட்டார்கள். 1976 பிப்ரவரியில் திறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துவிட்டார்கள். முன்பதிவு அவசியம், சனி ஞாயிறில் நேரில் போய் நின்றால் இடம் கிடைப்பது சந்தேகம்.

அடைத்த இடம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். போகலாமா?

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி, யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பார்கள். அங்கேயே சொல்லிவிட்டால் வெளியே கொண்டுவந்து விடுவார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, எல்லா வண்டியிலும் யாராவது ஒருவர் யோசிப்பது சகஜம்.

குழந்தைகள், வயதானவர்கள்?

ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இரண்டு இடத்தில் கஷ்டம்: பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவது, உள்ளே தாது வெட்டிய பெரிய குடைவைப் பார்க்கப் படி ஏறுவது. படி ஏற முடியாதவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். புடவையில் வரும் அம்மாக்கள் அன்றைக்கு மட்டும் சுடிதாருக்கு மாறிக்கொள்ளட்டும்.

லாவெண்டர் பிட்டில் லாவெண்டர் பூ இருக்குமா?

ஒரு செடிகூடக் கிடையாது. ஃபெல்ப்ஸ் டாட்ஜின் பொது மேலாளராக இருந்த ஹாரிசன் லாவெண்டரின் பெயர் அது. 300 ஏக்கர், 900 அடி ஆழம். 80-ஆம் எண் சாலையை ஒட்டியே வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது, காசு கிடையாது. கம்பி வேலியில் கேமரா நுழையும் அளவுக்கு அங்கங்கே ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

முதல் பார்வையில் பள்ளத்தின் அளவே பிடிபடாது, ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே எதுவும் இல்லை. சுவரில் வரி வரியாக இருப்பவை லாரி போன பாதைகள் என்று தெரிந்த பிறகுதான் கண் கணக்குப் போடத் தொடங்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போங்கள். இரும்புத் துருவின் சிவப்பு, காவி, ஊதா, வெள்ளை, அடியில் கலங்கிய தண்ணீர். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பழுப்பு.

இந்த இடத்தில் முதலில் மலை இருந்தது, சேக்ரமென்டோ குன்று என்று பெயர். பக்கத்தில் வீடுகளும் இருந்தன. லோவல் என்ற பகுதியின் பெரும்பங்கை இந்தப் பள்ளம் விழுங்கிவிட்டது.

தப்பிய லோவலில் என்ன இருக்கிறது?

ஒரே ஒரு தெரு, ஈரி தெரு. பழைய பெட்ரோல் பங்க், பழைய கடைப் பலகைகள், ஓரமாக நிறுத்தி வைத்த ஐம்பதுகளின் கார்களும் பஸ்ஸும். அங்கே வாழும் ஆர்வலர்கள் பராமரிப்பது. போட்டோவுக்கு அருமை, அரை மணி நேரம் போதும்.

படிக்கட்டு ஊர் என்கிறார்களே?

சமதளம் என்று ஒன்று இல்லாததால், வேலைக்கு வந்தவர்கள் மலைச்சரிவில் கிடைத்த இடத்தில் வீட்டைக் கட்டினார்கள். ஒரு வீட்டுத் திண்ணைக்கு நேர் கீழே அடுத்த வீட்டுக் கூரை. வீட்டுக்குப் போகப் பாதை கிடையாது, படிதான். முப்பதுகளின் பஞ்ச காலத்தில் மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் பல படிக்கட்டுகளுக்கு காங்கிரீட் போட்டார்கள், டபிள்யூ.பி.ஏ. என்ற திட்டத்தின் எழுத்துகள் சில படிகளில் பதிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். 1914-இல் கட்டிய பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் சரிவில் நிற்பதால் அதன் நான்கு மாடிக்கும் தனித்தனியாகத் தரையிலிருந்தே நுழைய வாசல் உண்டு. இந்தச் சரிவில் தபால்காரர் வீடு வீடாக ஏற முடியாது என்பதால் பழைய பிஸ்பீக்காரர்கள் தபால் நிலையத்துக்கு வந்துதான் கடிதம் வாங்குகிறார்கள். ஊர்ச் செய்தி பரவும் இடமும் அதுதான்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ‘பிஸ்பீ 1000’ என்று ஒரு படியேறும் ஓட்டம் நடக்கும். ஒன்பது படிக்கட்டுகள், ஆயிரத்துக்கு மேல் படிகள், நாலரை மைல். படிக்கட்டு ஓரத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஓடப் போகிறீர்கள் என்றால் வேறு, சும்மா ஊர் பார்க்க என்றால் அந்த வாரக்கடைசியைத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது.

ஓட்டம் இல்லாத நாளில் ஏதாவது ஒரு படிக்கட்டைப் பிடித்து மேலே போய், மலையிடுக்கில் ஓடும் சந்து வழியாக நடந்து, வேறு படிக்கட்டில் இறங்குங்கள். 5,500 அடி என்பதால் மூச்சு வாங்கும். அப்புறம் ஒன்று: படிக்கட்டு பொது, இரு பக்கத்து வாசலும் தோட்டமும் ஒருவருடைய வீடு.

1917-இல் இங்கே ஏதோ நடந்ததாமே?

நடந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே சுரங்கத் தொழிலாளிக்கு சிலை இருக்கிறது, அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். இந்தக் கதை தெரியாமல் அந்தச் சிலையைப் பார்ப்பது அரைகுறை.

முதல் உலகப் போர் நடக்கிறது. செம்பு விலை உச்சத்தில். சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஜூன் கடைசியில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்குகிறது. கேட்டவை பெரிய விஷயங்கள் அல்ல: ஆட்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது வெடி வைக்காதே, ஒரு துளைக்கருவிக்கு இரண்டு ஆள் போடு, நாளுக்கு நிலத்தடி வேலைக்கு ஆறு டாலரும் மேல்தளத்து வேலைக்கு ஐந்தரை டாலரும் கொடு. இந்த மேல்தளத்து வேலைதான் மெக்சிகோக்காரர்களுக்கு. நல்ல கூலி கிடைக்கும் நிலத்தடி வேலையை அவர்களுக்குக் கொடுப்பதில்லை. சீனர்களின் நிலை இன்னும் மோசம்: பகலில் காய்கறி விற்கலாம், பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஜூலை 12 விடியற்காலை. ஷெரிஃப் ஹாரி வீலர் இரண்டாயிரம் பேரை அடியாட்களாகச் சேர்த்து, அடையாளத்துக்குக் கையில் வெள்ளைத் துணி கட்டி, வீடு வீடாக அனுப்பினார். வேலைநிறுத்தக்காரர்களை மட்டுமல்ல, அவர்கள் பக்கம் பேசிய கடைக்காரர்களையும் இழுத்து வந்தார்கள். அன்று ஒரு தொழிலாளியும் ஒரு அடியாளும் செத்தார்கள். பிடித்தவர்களைத் துப்பாக்கி முனையில் வாரன் பேஸ்பால் மைதானத்துக்கு நடத்திப் போனார்கள். வேலைக்குத் திரும்புகிறேன் என்று சொன்னவர்களை விட்டார்கள். மற்ற 1,186 பேரை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்தார்கள். பெட்டியின் தரையில் சாணம் அப்படியே கிடந்தது. ஜூலை வெயிலில், சாப்பாடு இல்லாமல், கிட்டத்தட்ட 200 மைல். நியூ மெக்சிகோவில் ஹெர்மானஸ் என்ற பொட்டல் இடத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் உயிர் போகும் என்றார்கள். செய்தி வெளியே போகாமல் இருக்கத் தந்தியையும் தொலைபேசியையும் கம்பெனி ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனாதிபதி வில்சன் அமைத்த குழு இது முழுக்கச் சட்டவிரோதம் என்று சொன்னது. ஆனாலும் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. 1920-இல் உச்ச நீதிமன்றம் இது மத்திய அரசு வழக்குப் போடும் விஷயம் அல்ல, மாநிலத்தின் வேலை என்றது. மாநில நீதிமன்றத்தில் வந்த வழக்கில் ஜூரி விடுதலை செய்தது.

அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. 1909-இல் கட்டியது. பள்ளிப் பையன்கள் அதில் விளையாடுகிறார்கள். பழைய பிஸ்பீயிலிருந்து காரில் பத்து நிமிடம், வாரன் பகுதியில்.

மியூசியம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம், அதுவும் சுரங்கத்துக்குப் போவதற்கு முன்னால். 1897-இல் கட்டிய ஃபெல்ப்ஸ் டாட்ஜ் தலைமை அலுவலகம்தான் இப்போது பிஸ்பீ சுரங்க வரலாற்று அருங்காட்சியகம். ஸ்மித்சோனியன் என்ற தேசிய அருங்காட்சியக அமைப்போடு இணைந்தது. மேனேஜரின் பழைய அறையும், மேலே அசூரைட், மாலகைட் கற்களும் உண்டு. நீலமும் பச்சையுமாக இப்படிப்பட்ட கற்கள் சுரங்கத்தில் கிடைத்தன என்பதை நம்ப ஒரு தடவை பார்த்தால் போதும். பக்கத்திலேயே காப்பர் குவீன் நூலகம். அரிசோனாவில் தொடர்ந்து இயங்கிவரும் நூலகங்களில் இதுதான் மூத்தது, 1882-இல் தொடங்கியது. உள்ளே கொஞ்ச நேரம் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பிரதான தெருவின் செங்கல் கட்டடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதாகத் தெரியும். 1908-இல் ஒரு பெரிய தீ தெருவையே தின்றுவிட்டது. அதற்குப் பிறகு கட்டியவை.

எங்கே தங்குவது? காப்பர் குவீன் ஓட்டலில் பேய் உண்டாமே?

1902-இல் கம்பெனி தன் முதலீட்டாளர்களுக்காகக் கட்டிய ஓட்டல் அது. பேய்க் கதையை ஓட்டல்காரர்களே சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அங்கே ராத்திரியில் சத்தம் போடுவது பழைய தண்ணீர்க் குழாயும், ப்ரூவரி கல்ச் தெருவின் மதுக்கடைகளிலிருந்து வரும் பாட்டும்தான். தூக்கம் முக்கியம் என்றால் அந்தத் தெருவைவிட்டுத் தள்ளி அறை கேளுங்கள்.

மலைமேல் வாடகை வீடு எடுக்கிறவர்கள் விளம்பரத்தில் படிகளின் எண்ணிக்கையைத் தேடிப் படியுங்கள். அழகான திண்ணை, அற்புதமான காட்சி என்று எழுதி, கடைசி வரியில் எழுபது எண்பது படி என்று இருக்கும். நான்கு பெட்டியும் அரிசி குக்கரும் தூக்கிக்கொண்டு ஏறும்போது அந்த வரி ஞாபகம் வரும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சின்ன ஊர் என்றாலும் கலைஞர்கள் ஊர் என்பதால் சைவம், வீகன் எல்லாம் தெரிந்த கடைகள் உண்டு. மெக்சிகன் கடையில் பீன்ஸ் கேட்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வழக்கமாகச் சேர்ப்பார்கள். திங்கள், செவ்வாயில் பல கடைகள் மூடியிருக்கும். ராத்திரி எட்டுக்கு மேல் பசித்தால் சிரமம், எனவே கையில் ஏதாவது வைத்திருங்கள்.

பிஸ்பீ நீலக்கல் வாங்கலாமா? கீழே கிடக்கும் கல்லைப் பொறுக்கலாமா?

பிஸ்பீ டர்க்காய்ஸ் என்ற நீலக்கல் செம்பு வெட்டும்போது கூடவே வந்தது. ஆழ்ந்த நீலத்தில் சாக்லேட் நிற நரம்பு ஓடியிருக்கும். சுரங்கம் மூடிவிட்டதால் புதிதாக வருவது அரிது, விலையும் அதிகம். மலிவாகத் தந்தால் சந்தேகப்படுங்கள். நம்பகமான கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுக்க வேண்டாம். நிலம் தனியாருடையது, கழிவு மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் உண்டு. இதே காரணத்துக்காக ஊரில் பல வீட்டுத் தோட்டங்களின் மேல்மண்ணையே மாற்ற வேண்டியிருந்தது.

மலையில் பழைய சுரங்க வாய்கள் தெரிகின்றன. எட்டிப் பார்க்கலாமா?

கூடாது. மரம் உளுத்திருக்கும், காற்று கெட்டிருக்கும், பாம்பு இருக்கும்.

பக்கத்தில் வேறு எதைச் சேர்த்துக்கொள்ளலாம்?

வரும் வழியில் டூம்ஸ்டோன், 1881-இல் ஓகே கொரால் துப்பாக்கிச் சண்டை நடந்த ஊர்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். பென்சனுக்குத் தெற்கே கார்ட்ச்னர் குகை: 1974-இல் இரண்டு இளைஞர்கள் கண்டுபிடித்து, பாழாகிவிடக்கூடாது என்று பல வருஷம் வாயைத் திறக்காமல் காப்பாற்றிய சுண்ணாம்புக் குகை. உள்ளே கேமரா கிடையாது, முன்பதிவு வேண்டும். செம்புச் சுரங்கமும் இதுவும் ஒரே பயணத்தில் பார்க்க நன்றாக இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் போனால் மெக்நீல் பக்கம் ஒயிட்வாட்டர் டிராவுக்கு விடியுமுன் போய்விடுங்கள். ஆயிரக்கணக்கில் சாண்ட்ஹில் கொக்குகள் ராத்திரி தண்ணீரில் நின்றுவிட்டு, வெளிச்சம் வந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். பிஸ்பீயிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம். மண் சாலை, மழை பெய்திருந்தால் விசாரித்துக்கொண்டு போகவும். கையுறை வேண்டும், விரல் விறைத்துவிடும்.